மூச்சு விடாத குரல்

டப்புனு மூடும் தம்பி, அந்த ஸ்டுடியோ கதவு. அப்ப எனக்கு முடி நரைக்கல, ஆனா அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் என் மூச்சு மட்டுந்தான் எனக்குக் கேக்கும். பேங்குக்குப் போன் போட்டா, வணக்கம், ஒன்றை அழுத்தவும்னு சொல்லுமே, அது நான்தான்.

இருங்க, அந்த போனை எதுக்குக் கவுத்து வைக்கிறீங்க? நிமித்தி வைங்க. பதிவாகலையே? உங்க அடையாள அட்டைய இன்னொரு தடவை காட்டுங்க. சைபர் போலீசுன்னு சொல்றவங்க எல்லாம் போலீசா இருந்தா ஊரு எப்பவோ உருப்பட்டிருக்கும். கோவிச்சுக்காதீங்க, சூடு கண்ட பூனை நான்.

போலிக் குரலைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குப் பழக்கிவிட என் அசல் குரல் வேணும், அதானே? திருடனும் இதே குரலைத்தான் எடுத்தான். பழைய பதிவை மெஷினுக்கு ஊட்டி, என்னை மாதிரியே பேச வச்சு, என் தங்கச்சிக்குப் போன் போட்டுட்டான். அக்கா கேக்குறாளேன்னு ரகசிய நம்பரைச் சொல்லிட்டா. சேத்து வச்சதெல்லாம் போச்சு.

அந்தத் திருட்டுப் போன் பதிவை ஸ்டேஷன்ல எனக்கும் போட்டுக் காட்டினாங்க. குரல் அச்சு அசல் நான். ஆனா மூச்சு இல்ல. அந்தக் காலத்துல பதிவு பண்றவரு, நான் மூச்சு வாங்குற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துடுவாரு. பேங்கு மூச்சு வாங்கக் கூடாதாம். அதைத் தின்னு வளந்த மெஷினுக்கு மூச்சு எங்கேருந்து வரும்?

தங்கச்சிகிட்ட சொல்லி வச்சேன். நடுவுல மூச்சு வாங்கினா நான்டி, வாங்காம பேசினா திருடன், உடனே வச்சிடு.

நல்ல யோசனைதானே? நீங்களே தலையாட்டுறீங்க பாருங்க.

போன மாசம் அவ கட்டடத்துல, கீழ் வீட்டுல தீ. ரெண்டு தெரு தள்ளித்தான், என் பால்கனியிலேருந்தே புகை தெரிஞ்சுது. போன் போட்டு, எழுந்து ஓடுடி, எதையும் எடுக்காத, பூட்டைத் தேடாத, ஓடுன்னு ஒரே மூச்சுல கத்துனேன். வீடு எரியும்போது யாரு நின்னு மூச்சு வாங்குவா? அடி திருட்டுச் சிறுக்கி, என் அக்கா இப்படிப் பேசமாட்டான்னுட்டு வச்சிட்டா. திரும்பத் திரும்ப அடிச்சேன், எடுக்கல.

உங்க மெஷினா இருந்தா என்ன சொல்லியிருக்கும்? சரி, இப்ப பதிவு பண்ணிக்குங்க. மெதுவா பேசுறதும் எடுங்க, கத்துறதும் எடுங்க. கத்துறதை விட்டுடாதீங்க.

தங்கச்சியா? ஏணி வச்சு ஜன்னல் வழியா பொணமாத்தான் இறக்குனாங்க.