மெத்வல்லியின் அட்டை

— கதவைச் சாத்துடா சப்ரி. யாரும் கண்டுபிடிக்கலையே?

— இல்ல மெத்வல்லியண்ணே. பக்கத்து ஊரு ரத்தப் பரிசோதனை முகாம்ல நம்மளை யாருக்குத் தெரியும்? நர்ஸம்மா உன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. போட்டோவுல இருக்குற அதே மீசைதானே, விட்டுடுச்சு. அம்மா பேரு கேட்டுச்சு. நமக்கு ஒரே அம்மாதானே, தடுமாறாம சொல்லிட்டேன்.

— கெட்டிக்காரன்.

— ஆனா அண்ணே, நீயே போயிருக்கலாம். அங்க யாரும் வெக்கப்படலை. இமாம்கூட வரிசையில நின்னாரு. கல்லீரல்ல கிருமி இருந்தா மூணு மாசம் மாத்திரையாம், காசே கிடையாதாம்.

— எனக்குப் புத்தி சொல்லாதே. நான் தாமியா வடை சுட்டு விக்கிறவன். தந்தா டவுன்ல ரகசியமா ரத்தத்தைப் பரிசோதிச்சு, நோய் இருக்குன்னு தெரிஞ்ச நாள்லேருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கவே கூசுது. இந்தக் கையால சுட்டதை எவன் வாங்கித் திம்பான்?

— சாப்பாட்டுல ஒட்டாதாம். ரத்தத்துலதான் தொத்துமாம். ஒலிபெருக்கியில சொன்னாங்க.

— அப்பா இதே நோயில வயிறு வீங்கிக் கிடந்தப்ப நம்ம வீட்டு டீயை எவன் குடிச்சான்? அப்ப எந்த ஒலிபெருக்கி வந்துச்சு? பரிசோதனைக்குப் போகாட்டி ஏன் போகலைன்னு கேப்பானுங்க. போனா மாட்டிக்குவேன். கடையில மாட்டி வைக்க, நோய் இல்லைன்னு ஒரு காகிதம் வேணும். அதுக்குத்தான் உன்னை அனுப்பினேன்.

— வந்து... அண்ணே, டாக்டர் ஒண்ணு கேட்டாரு. சின்ன வயசுல வாய்க்கால்ல குளிச்சு மூத்திரத்துல ரத்தம் போச்சா, அதுக்குப் பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்களான்னு. ஒரே கண்ணாடி ஊசியை எல்லாப் பிள்ளைங்களுக்கும் போட்டாங்கல்ல, அதுலதான் பரவுச்சாம். இப்ப மாட்டுறவங்க முக்கால்வாசி நம்ம வயசுக்காரங்கதானாம். சின்னப் பசங்களுக்கு அவ்வளவா இல்லையாம்.

— அந்த ஊசியா? நீ வைக்கோலுக்குள்ள போய் ஒளிஞ்சே. நான்தான் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து எனக்கு அடுத்து நிறுத்தினேன்.

— ஆமாண்ணே.

— சரி, அதை விடு. காகிதத்தைக் குடு.

— அண்ணே... மெத்வல்லிக்கு நோய் இருக்குன்னு சொல்லிட்டாங்க. செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வரணுமாம்.

— எப்படிடா? அவங்க குத்துனது உன் விரலைத்தானே?

— என் விரலைத்தாண்ணே.

— யா அல்லா... சப்ரி, இப்படி வந்து உக்காருடா. அன்னிக்கு இழுத்துட்டுப் போனவனும் நான், இன்னிக்கு அனுப்பி வச்சவனும் நான். உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு வெக்கமா இருக்குடா. நான் போறேன், என் பேரைச் சொல்லியே போறேன். நீயும் நாளைக்கு உன் பேர்ல போய்ப் பதிஞ்சுக்க.

— என் பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கேன். மாத்திரை எனக்கும் வேணும். ஆனா அங்க என் பேரைச் சொல்லி நிக்க எனக்கும் கூசுதுண்ணே. என் அட்டையைத் தர்றேன்... உனக்கும் அதே நோய்தானே, எனக்குப் பதிலா நீ போய் விரலை நீட்டுறியா?