அட்டை இருக்கிறவள் ஓடட்டும்

வட்டவளையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஹட்டனுக்கு நடந்துகொண்டிருந்தேன். முன்னால் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர் போனார்கள். மூத்தவள் கையில் ஒரு ஜோடி சப்பாத்து.

“நாளைக்கு நான் ஓடப் போறேன் புள்ள,” என்றாள்.

இளையவள் நின்றுவிட்டாள். “இந்த வயசுலயாக்கா? எதுக்கு?”

“பொறப்புப் பத்திரம் இல்லாத புள்ளைங்க காலேஜ்ல படிக்கக் காசு சேக்குற ஓட்டம். உதவி கேட்ட வீட்ல ஒருத்தர் ஓடணுமாம். இல்லாட்டி எம்மக செல்வி காலேஜ் போக முடியாது.”

“அவளே ஓடலாமே. ஸ்கூல்ல கப் வாங்குனவதானே?”

“பேரு பதிய அடையாள அட்டை நம்பர் கேக்குறாங்க. பொறப்புப் பத்திரமே இல்லாதவளுக்கு அட்டை ஏது?”

“அவளுக்காக வைக்கிற ஓட்டத்துல அவ ஓடக்கூடாதா! நல்ல கூத்துக்கா.”

“எங்கிட்ட அட்டை இருக்கே. அவ சப்பாத்தையும் குடுத்துட்டா.”

“மேட்டுல மூச்சு வாங்குமே?”

“கங்காணி வெரட்டுறாருன்னு நெனச்சா கால் தானா போகும்.”

இளையவள் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

“லயத்து வீட்டுல பொறந்தவள அன்னைக்குப் பதியாம விட்டது நாந்தானே புள்ள. இன்னைக்கு நாந்தான் ஓடணும்.”

மறுநாள் காலை ஹட்டனில் அந்த ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். என்னிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.