சௌந்தர்யா பெயரில் போன ஒப்புதல்

வேலூர் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தானாக நேரில் வந்த சாட்சி அமிர்தவள்ளி, வயது 52, கணவர் பெயர் சுந்தரமூர்த்தி (காலமானவர்), மாரியம்மன் கோயில் தெரு, பள்ளிகொண்டா, சொல்லக் கேட்டுப் பதிவு செய்தது:

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் ஒரே மகள் சௌந்தர்யா, எம்.சி.ஏ. படித்துவிட்டு, ஷூ கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் வேலூர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து வந்தாள். எங்கள் கம்பெனியில் ஓடுவதும் அவர்களுடைய சாஃப்ட்வேர்தான். முன்பெல்லாம் அதில் சின்னதாக ஒன்றை மாற்றினாலும் எல்லாப் பிரிவிலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும், நாங்கள் பெட்டிகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். இதை நான் வீட்டில் சொன்னபோது என் மகள், "அது மொத்தமா ஒரே கட்டா இருக்குதும்மா, அதான் பேஜாரு. கட்டிங்குக்கு, ஸ்டிச்சிங்குக்கு, பேக்கிங்குக்குன்னு தனித்தனியா பிரிச்சிக்கினு இருக்கோம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு நிக்காது" என்று சொன்னாள். அவளும் உடன் வேலை செய்யும் நவநீதன் என்பவரும் சேர்ந்து அப்படிப் பிரித்தார்கள். அதன் பிறகு மாற்றங்களைச் சிறிது சிறிதாகச் செய்து, சோதித்துப் பார்த்து, அவ்வப்போது கம்பெனிகளுக்கு அனுப்பி வந்தார்கள். அனுப்பும் முன் ஒப்புதல் தர வேண்டும். அப்போது கைபேசிக்கு ஓர் எண் வரும், அதை அடித்தால்தான் மாற்றம் போகும். அந்த ஏற்பாட்டை என் மகளே செய்ததால் அவளுடைய கைபேசிக்குத்தான் எண் வரும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் என் மகள் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது பைபாஸில் லாரி மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள். பையில் இருந்த கைபேசிக்குக் கீறல்கூட இல்லை. காரியம் முடிந்த பிறகு நவநீதன் வீட்டுக்கு வந்து, அலுவலக நாற்காலியில் மாட்டியிருந்த அவளுடைய ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் துவைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் என் மகளின் கைபேசியில் ஓர் எண் வந்தது. சற்று நேரத்தில் அதே கைபேசிக்கு நவநீதன் கூப்பிட்டார். "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும். கேக்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்குது. சொல்றீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை கூப்பிடுவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, இன்று என்ன மாற்றினோம், சோதனை முடிந்ததா என்று சொல்லிவிட்டுத்தான் எண்ணைக் கேட்பார். எண்ணை அடித்ததும் எல்லோருடைய திரையிலும் 'ஒப்புதல்: சௌந்தர்யா' என்று வரும் என்று ஒரு முறை சொன்னார். அதன் பிறகு நான் அந்தக் கைபேசியில் சார்ஜ் குறைய விட்டதில்லை. அதற்கு ரீசார்ஜும் செய்து வந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு நவநீதன் வீட்டுக்கு வந்து, இறந்தவர் பெயரில் ஒப்புதல் போவது முறையில்லை, வேறொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் சொல்கிறார்கள் என்றார். நான், "வருஷம் திரும்பற வரைக்குமாவது இருக்கட்டும்பா" என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். மாற்றவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் மதியம், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கைபேசிக்கு வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர், தான் செந்தில்குமார் என்றும் சௌந்தர்யாவின் மேனேஜர் என்றும் சொன்னார். என் மகளின் சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டு என்னிடம் பேசியவர் என்பதால் குரல் எனக்குத் தெரியும். "நவநீதன் தங்கச்சி நிச்சயத்துக்கு அரக்கோணம் போய்ட்டான். அர்ஜென்ட், நம்பர சொல்லுங்க" என்றார். என்ன மாற்றம் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்றார். சற்று முன் அதில் வந்திருந்த எண்ணைச் சொன்னேன். உடனே வைத்துவிட்டார்.

அன்று மாலையிலிருந்து எங்கள் பிரிவில் பெட்டிகளுக்கு அளவு மாறி லேபிள் வந்திருக்கிறது. ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி. கன்டெய்னர் போன பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டார்கள். கம்பெனி புகார் கொடுத்ததில், இறந்துபோன பெண் எப்படி ஒப்புதல் தந்தாள் என்று கேள்வி வந்திருக்கிறது. தான் யாரையும் கூப்பிடவில்லை என்றும், பெயரை மாற்றாமல் வைத்திருந்த நவநீதன்தான் ஊரிலிருந்தே லேப்டாப் மூலம் இதைச் செய்திருக்க வேண்டும் என்றும் செந்தில்குமார் சொன்னதாக, அதே அலுவலகத்தில் வேலை செய்யும் மோகனா எனக்குப் போன் செய்து சொன்னாள். நவநீதனை விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். "யாருகிட்ட நம்பர் வாங்குனன்னு கேட்டாங்களாம். அவன் வாயே தொறக்கல. பாக்கப் போனப்ப ஏன்டான்னு கேட்டா, அம்மாவ ஸ்டேஷனுக்கு இழுக்க வேணாம்னு சொல்றான்" என்று அழுதாள்.

அதனால் நானே இன்று பஸ் ஏறி இங்கு வந்தேன். எண்ணைச் சொன்னது நான். கேட்டது செந்தில்குமார். என் மகளின் பெயர் அதில் இன்னமும் இருந்ததற்குக் காரணம் என் வேண்டுகோள்தான், நவநீதன் அதனால் எந்த லாபமும் அடையவில்லை. செந்தில்குமார் எந்த எண்ணிலிருந்து அழைத்தார் என்பது பதிவாகியுள்ள என் மகளின் கைபேசியையும் அதன் சார்ஜரையும் ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். வழக்கு முடியும்வரை திரும்பக் கிடைக்காது என்று சொன்னார்கள், சரி என்றேன். இந்த விவரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மேசைமேல் அந்தக் கைபேசியின் திரையில் ஒப்புதலுக்கான எண் ஒன்று வந்தது. யாரும் கூப்பிடவில்லை. நானும் எடுத்துப் பார்க்கவில்லை.

இனிமேல் அந்த ஒப்புதலை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். என் மகள் சௌந்தர்யாவின் பெயரை அதிலிருந்து நீக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளது அனைத்தும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல.

(ஒப்பம்) சு. அமிர்தவள்ளி