பாசிக்குப் பட்டினி

— உரத்தைத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே பயிற்சிக்குப் போனேன்?

— சொன்ன, நான் இல்லைங்கல. நீ போன ரெண்டு மூணு நாள்லயே தொட்டித் தண்ணி வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. கேன்டீன்ல அத்தனை பேருக்கு ஆக்கிப் போடுற கை இது. என் வீட்டு மாடியிலயே ஒரு உசுரு வாடிக் கிடந்தா மனசு கேக்குமா?

— அது பாசிங்க.

— பாசின்னா பசிக்காதா? இப்பப் பாரு, எப்படித் தளதளன்னு பச்சையா நிக்குது. மெச்சிக்குவேன்னு பாத்தா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறியே, விஞ்ஞானியம்மா.

— சண்டை போடல. கேளுங்க. நல்லாத் தீனி கிடைச்சா பாசி பெருகிக்கிட்டே போகும், எண்ணெய் வைக்காது. பட்டினி போட்டாத்தான், பச்சையெல்லாம் போய், நாளைக்கு என்ன கதியோன்னு உடம்புக்குள்ள எண்ணெயைச் சேத்து வைக்கும்.

— நமக்கெல்லாம் தின்னாத்தானே கொழுப்பு ஏறும். இது என்னடி தலைகீழா இருக்கு?

— சிரிப்பு வரலங்க. அடுத்த வாரம் படகுச் சங்கத்துக்காரங்க வராங்க. டீசலுக்குப் பதிலா இந்த எண்ணெயை ஊத்தி அவங்க மோட்டார் ஓடினாத்தான், சும்மா கிடக்குற அவங்க குளத்தைப் பாசி வளர்க்க எனக்குத் தருவாங்க. இல்லேன்னா நான் பழையபடி வெளியூர் வேலைக்குக் கிளம்பணும். நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை.

— இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

— சொல்லியிருந்தா மட்டும்? ஒருத்தர் வயிறு வாடினா உங்களுக்குத் தூக்கம் வராது.

— நீ என் கூடவே இருக்கணும்னு வேண்டாத நாளில்ல. கடைசியில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்.

— விடுங்க. இந்த வீட்டுல உங்க கையால தின்னு கொழுக்காதது எது, என்னையும் சேத்துத்தான். வேற வழி யோசிப்போம். ஆமா, அந்த மூணாவது தொட்டி மேல ஏன் சாக்கு கிடக்கு?

— அதை எதுக்கு இப்பப் பாத்துக்கிட்டு. வா, கீழ போகலாம், காபி போட்டுத் தரேன்.

— ஏங்க, என்ன ஆச்சு அதுக்கு?

— நீ வர்ற நேரத்துல பாத்தா அழுவியேன்னு காலையிலதான் மூடினேன். இருந்த உரம் இந்த ரெண்டுக்குத்தான் பத்துச்சு. அது பாவம், நீ போனதுல இருந்து ஒரு வாய் இல்லாம மஞ்சளாப் போய்ச் செத்துருச்சு.