ஏழு வேப், முப்பத்தெட்டு சாட்சி

"பகல் முழுக்க வீட்டுக்குள்ளயே இருக்கிய, என்னதான் மக்கா செய்வ நீ?" என்று ரெஷ்மா அக்கா ஒருநாள் கேட்டாள். துபாய் அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டின் சின்ன அறைக்கு அவள் குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சும்மா இருக்கேன் என்றேன். அது பொய். அந்த நேரத்தில் பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே, பெயிண்ட் அடித்த மூன்று வேப், மின்சிகரெட்கள், காய்ந்துகொண்டிருந்தன.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் யாருக்கும் தவறாகத் தோன்றாது.

அப்பா வில்பிரட், ஏ.சி. டெக்னீசியன். அம்மா குவைத்தில், ஃபர்வானியாவில் நர்ஸ். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில்தான் பார்ப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா எங்கள் ஹாலில் ஒரு ஜெபக்கூட்டம் நடத்துவார். புகையை விட நினைக்கிறவர்களுக்கானது. சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறி, அதையும் விட முடியாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். நடுவில் ஒரு காலி பால்பவுடர் டின் இருக்கும். வேப்பை அதில் போட்டுவிட்டு எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஊர், பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது அப்பாவின் முறை. பிறகு ஆப்பமும் கோழிக்கறியும். சமையல் என் பொறுப்பு. டின்னும் என் பொறுப்பு. "கண்ணுல படாத தூரத்துல கொண்டு போட்டிரு மக்ளே" என்பார்.

இரண்டு மாதம் அப்படியே கொண்டுபோய்ப் போட்டேன். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பழக்கத்தை விட்டவர்கள் வருவதில்லை, அவர்களுக்குத் தேவையில்லை. விடாதவர்கள் வெட்கப்பட்டு வருவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். கூட்டம் நிறைந்த நாட்களில் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, யார் அழுதார், எதைச் சொல்லும்போது அழுதார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மற்ற நாட்களில் சோறு, சாவி, கதவு, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எல்லாமே.

வேப்பைப் புதிதாக்குவது கஷ்டமான வேலை இல்லை. அவசரம் கூடாது. பேட்டரியைக் கழற்ற வேண்டும், லிக்விட் குப்பியைத் தனியே எடுக்க வேண்டும், காற்றுத் துளைகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பிறகு உப்புத்தாள், முதலில் முரடு, அடுத்து நயம், கடைசியில் தண்ணீர் தொட்டு. பழைய ஆளின் கீறல், வியர்வைக் கறை, சாவி உரசிய தடம் எல்லாம் போய்விடும். பிரைமர் ஒரு பூச்சு, நிறம் மெல்லியதாக மூன்று பூச்சு. சீக்கிரம் காயட்டும் என்று துபாய் வெயிலில் வைத்தால் கொப்புளம் வரும். முதல் இரண்டு அப்படித்தான் கெட்டன. முடிந்ததும் புது வாய்முனை மாட்டி, கீழே பக்காலா மளிகைக் கடை அஸீம் அண்ணனிடம் கொடுப்பேன். போன வாரம் யார் யார் ஒப்படைத்தார்களோ அவர்கள் கைக்கு அவர் சேர்த்துவிடுவார். என்னிடம் காரணம் கேட்டதில்லை. எனக்கு அதில் ஒரு ஃபில்ஸ்கூடக் கிடையாது.

அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து வரும் சோலைமுத்து அண்ணன் ஒரே வேப்பை நான்கு முறை ஒப்படைத்தார். கறுப்பாக ஒருமுறை, மயில்நீலமாக ஒருமுறை, தேக்குமர வரி போட்டு ஒருமுறை, கடைசியில் முத்து வெள்ளை. நான்கு முறையும் உண்மையாகவே அழுதார். "முன்னாடி குடுத்ததெல்லாம் சும்மாண்ணே, என்னைய ஆட்டி வச்சது இதுதான்" என்றார். அப்பா அந்த முத்து வெள்ளையைத் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கிடுங்க, சாத்தான் வாரத்துக்கு ஒரு கலர்ல வாறான்" என்றார். ஹால் முழுக்க ஆமென் என்றது. சமையலறையில் நின்று நானும் சொன்னேன். அந்த வெள்ளைக்குப் பளபளப்புக்கான கிளியர் கோட் மட்டும் நான்கு முறை அடித்திருந்தேன்.

நான் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிய பிறகான ஐந்து மாதத்தில் முப்பத்தெட்டு வேப் ஒழிந்ததாக அப்பா கணக்குச் சொல்வார். மொத்தம் இருந்தது ஏழு.

அந்த முப்பத்தெட்டைக் கேள்விப்பட்டு ஷார்ஜாவில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா, "எல்லாம் ஆம்பிளைகளா இருக்கு. ஒரு பெண்பிள்ள சாட்சி சொன்னா சனம் அப்பிடியே உருகும், கேட்டியா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது என்று அவருக்குத் தெரியும்.

ரெஷ்மா அக்காவுக்கு நல்ல குரல்.

அவள் முட்டத்துக்காரி. நர்ஸ் லைசன்ஸ் பரீட்சையை இரண்டாம் முறை எழுதி ஜெயித்து, ஒரு கிளினிக்கில் நெஞ்சுநோய்ப் பிரிவில் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். புகை என்றால் முகம் சுளிப்பாள். சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்ததாம். அதையும் யோசித்தேன். அதனால்தான் லிக்விடில் புதினா வாசம் வேண்டாம், லிச்சி போதும் என்று முடிவு செய்தேன். அவளுக்குப் போய் டின்னில் விழுந்த பழசைக் கொடுக்க மனம் வரவில்லை. புதிது வாங்கி ஏழு நாள் வேலை செய்தேன். தந்த நிறம், ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் அலை, அடியில் பொடி எழுத்தில் அவள் பெயர். பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.

"நான் நர்ஸ் பிள்ளே. எனக்கு எதுக்கு இது?" என்று சிரித்தாள். ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீயா செஞ்ச, உள்ளதா என்று மூன்று முறை கேட்டாள். மேசைமேல் பொம்மை மாதிரி வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிநேர டியூட்டி முடிந்து, ஒரு நோயாளி இறந்ததைப் பார்த்துவிட்டு வந்த ஒருநாள் அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதை நிரப்பிக் கையில் கொடுத்து, வெறும் பழ வாசம்தான் அக்கா என்றேன். பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிரப்புவதை மட்டும் நானே பார்த்துக்கொண்டேன். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நிகோடின் கூடிய லிக்விட். அவள் கேட்கவில்லை. ஒருவருக்கு வேண்டியதை அவர் கேட்கும்முன் செய்வதுதான் அன்பு.

ஏழாவது வாரம் என் படுக்கையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "என்னால முடியல மக்கா. இன்னிக்கு மருந்து ரூமுக்குள்ள நின்னு இழுத்துட்டேன். யாராவது கண்டா வேலையும் போவும், விசாவும் போவும். அங்கிளிட்ட சொல்லிராத." பேசும்போதே மூச்சு விசிலடித்தது.

அப்பா ஜெபித்தால் சரியாகிவிடும், நாலு சுவருக்கு வெளியே போகாது என்று சொல்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் ஷார்ஜாவில் என்பதைக் கார் புறப்பட்ட பிறகுதான் சொன்னேன்.

நானூறு பேர் இருந்தார்கள். அப்பா அவள் தலையில் கை வைத்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் தன் வேப்பை டின்னில் போட்டுவிட்டு, முறைப்படி ஊர், பெயர், கிளினிக் பெயர் சொல்லித் தொடங்கினாள். பாதிக்குமேல் அழுகைதான். பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் முன்வரிசையிலிருந்து போனில் எடுத்தேன். அப்பா கேட்டதும் ஜெபக்கூட்டத்துக் குழுவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். அனுப்பும்முன் கிளினிக் பெயர் கேட்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். தெளிவாகக் கேட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா என்னோடு பேசினார். டிராஃபிக் இருந்ததால் ஒன்றரை மணிநேரம். அந்த ஒன்றரை மணிநேரத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

நான்காம் நாள் கிளினிக்கில் அவளைக் கூப்பிட்டு அந்த வீடியோவைக் காட்டினார்களாம். நெஞ்சுநோய்ப் பிரிவில் வேப் இழுக்கும் நர்ஸ் வேண்டாம், கலாஸ், முடிந்தது. விசாவை ரத்து செய்து ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். அப்பா ரொம்ப வருத்தப்பட்டார். நல்ல சாட்சி, மஸ்கட் கூட்டத்திலும் சொல்லியிருக்கலாம் என்றார்.

விமானத்தில் நாலு மணிநேரம் இழுக்காமல் இருந்து, இறங்கியதும் அவள் எப்படிச் சமாளிப்பாள் என்றுதான் எனக்குக் கவலை. டின்னிலிருந்து அவளுடையதை எடுத்து உப்புத்தாள் போட்டேன். அலையும் பெயரும் போயின. கிளிப்பச்சை அடித்து, அவள் கிளம்பும்போது நீட்டினேன்.

வாங்கிக் கையில் எடை பார்த்தாள். புரட்டி, தன் பெயர் இருந்த அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அன்று நான் சாத்த மறந்த பால்கனிக் கதவு வழியே, காகிதத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பச்சை அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி லிஃப்டுக்குப் போனாள்.