எள்ளுக்குக் கால் எண்ணியவன்

எள்ளுக்குக் கால் முளைத்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனை கால் என்று சொல்லிவிடுவேன், கண்ணாடிகூட வேண்டாம். சிரியுங்கள் ஐயா, விசாரிக்க வந்தவர் சிரிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

பவளத்தின் கிளை இடுக்கில் குடியிருக்கும் பிராணி அது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பு எள்ளில் பாதி. ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், கரையோரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் ஒரு பவளக் கொத்திலிருந்து மூன்றை எடுத்தேன். அந்த வகையறாவில் எல்லாவற்றுக்கும் நான்காவது ஜோடிக் கால் உண்டு. என்னுடையவற்றுக்கு இல்லை. அப்படியென்றால் அது வெறும் புது இனம் அல்ல, புதுப் பேரினம். கட்டுரை எழுதினேன், படம் வரைந்தேன், மனைவியின் பெயரை வைத்தேன்.

"போயும் போயும் ஒரு பூச்சிக்கா என் பேரு?" என்றாள். தெரு முழுக்க அவள்தான் போய்ச் சொன்னாள்.

ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண் மட்டும் நம்பவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "சார், உங்களுக்குக் கை நடுங்குமா?"

"எனக்கா? நூல் கோத்துத் தரட்டுமா?"

"கோபப்படாதீங்க சார். பிரிச்சுப் பாக்கறப்போ ஊசி பட்டுக் கால் உதிர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை நானே போய் உயிரோட பத்து எடுத்துட்டு வரேன். நீங்க சொன்னது சரின்னா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

வீட்டில் எனக்கு அரைக் கோப்பைத் தேநீர்தான் ஊற்றுவார்கள். முழுக் கோப்பை என்றால் மீதி சட்டைக்குப் போகும். அன்றைக்கு ஊசி வழுக்கியதா என்று நானும் யோசித்தேன். வழுக்கியிருக்கலாம்.

மூன்று போதும் ஐயா, அறிவியலுக்கு. நான்காவது வந்தால்தான் சந்தேகம் வரும். மற்ற பவளங்களில் இரண்டு வருடம் நானே சல்லடை போட்டுத் தேடியாயிற்று. வேறெங்கும் அது கிடையாது. ஆகவே ஒரே ஒரு கொத்தைக் கவனித்தால் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை, கடல் உள்வாங்கிய நேரத்தில், குளியலறை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கரைத்து, கொத்தின் தலைமேல் கவிழ்த்து, அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்குக் கை நடுங்கவே இல்லை.

மறுநாள் அவள் அந்த வெள்ளைக் கொத்தைத் தட்டி உதிர்த்து, செத்தவற்றையே குப்பியில் கொண்டுவந்தாள். சாயங்காலம்வரை ஒவ்வொன்றாக எண்ணினாள். எதற்காக அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை. தோற்றால் இப்படியா அழுவார்கள்?

நீங்கள் பையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லார் முன்னாலும் அவள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும்:

"நீங்க சொன்னது நிஜம்தான் சார். நாப்பத்தோரு உடம்பு பாத்துட்டேன், ஒண்ணுக்கும் அந்தக் கால் இல்ல. அப்படி ஒண்ணு இருந்துச்சு."