தைல அலமாரி

தலைவலிக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்க்கிறவர்கள் அநேகம் பேர் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டு, பிறகு கண் எரிகிறது என்பார்கள். இரண்டு சொட்டை நல்லெண்ணெயில் கலந்தால் போதும். பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. மூட்டுக்குப் புல் தைலம். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். அதற்கு மேல் தெரியும் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டு நான் பதில் சொல்வதைவிட நானே எழுதித் தருகிறேன். பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

என் பெயர் அமுதவள்ளி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் குருமூர்த்தியின் மனைவி. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, சூளைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பொழுதுக்கும் தூசி பறக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பார்கள்.

என்றைக்கோ ஒருத்திக்குத் தலைவலி என்று தைலம் கொடுத்தேன். மறுநாள் நாலு பேர் வந்து நின்றார்கள். பிறகு ஊட்டிக்குப் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டுப் பாட்டில் பாட்டிலாக வாங்கி, அடுக்களையில் ஓர் அலமாரியே வைத்தேன். உலை கொதிக்கும்போது ஒருத்தி வருவாள், துணி காயப்போடும்போது ஒருத்தி வருவாள். மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் முதுகுவலியை மட்டும் அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் எங்களிடம் பாண்டியன் என்று ஒருவர் மண் அரைக்கும் வேலையில் இருந்தார். இருமி இருமி இளைத்துச் செத்துப்போனார். அவரைப் பார்த்த டாக்டர் என் கணவரை வரச்சொன்னார். கூட நானும் போயிருந்தேன். இது சளி இல்லை, தூசி நெஞ்சில் படிந்து இறுகிவிட்டது, ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகியிருந்தால் இன்னும் பல வருடம் இருந்திருப்பார் என்றார். என் கணவர் மூக்கில் கட்டும் மூடிகள் வாங்கி வந்து போட்டார். சூளை வெக்கையில் யாரும் கட்டவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. நான் பட்டறையைப் பார்த்திருந்த அடுக்களை ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னேன். எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது.

கொளஞ்சியம்மாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பதினாறு வருடமாகச் சுரண்டியவள். பொம்மையின் மூக்கும் விரலும் அவள் கைக்குத்தான் அடங்கும், மற்றவர்கள் தொட்டால் ஒடிந்துவிடும். போன வருடம் தை மாதத்திலிருந்து அவளுக்கு இருமல். ஆனியில் ஒருநாள் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்கூர்ல கேம்ப்பு போட்டாங்கம்மா. டாக்டரு இத எழுதிக் குடுத்தாரு. ஒரே கூட்டம், அவரு சொன்னது ஒண்ணும் காதுல வுழல. இங்கிலீஷ்ல இருக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நாலு வரிதான் இருந்தது. தூசியில் வேலை செய்கிறவர், உடனே மார்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இனி இந்த வேலைக்குப் போகக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே டாக்டர் கோடு போட்டிருந்தார்.

அன்று நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். காலையிலிருந்து கரண்ட் இல்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மற்ற பதின்மூன்று பேரும் எங்களுக்கும் பாருங்கள் என்பார்கள். அதிகாரிகள் வருவார்கள். என் கணவர் கத்துவார். நவராத்திரிக்குப் போக வேண்டிய பொம்மைகள் அப்படியே நிற்கும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"சளி கட்டியிருக்குதாம் கொளஞ்சி. ஆவி புடிக்கச் சொல்லியிருக்காரு," என்றேன்.

"அவ்ளோதானா? நான் பயந்தே பூட்டேன்மா," என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

சீட்டு என்னிடமே இருக்கட்டும் என்று வாங்கி, தைல பாட்டில்களுக்கு அடியில் விரித்துப் போட்டேன். கிழிக்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால் கிழித்துத்தானே போட்டிருப்பேன். எண்ணெய் ஊறி, எழுத்து மறுபக்கமும் தெரியும்படி ஆகிவிட்டது. நீங்கள் எடுத்தபோது பார்த்தீர்கள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவளுக்கு வெந்நீர் வைத்து, தைலம் விட்டு, நானே போர்வை போர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். பெற்ற மகளுக்குக்கூட யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். "மூச்சு நல்லா போவுதும்மா" என்பாள். யூகலிப்டஸின் குணம் அது, மூக்கை நன்றாகத் திறந்துவிடும். திறந்த மூக்கோடு திரும்பவும் பட்டறைத் தூசிக்குள் போய் உட்காருவாள்.

ஆவணியில் அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. "ஒருதரம் ஆஸ்பத்திரில படம் புடிச்சிப் பாக்கட்டுங்களாம்மா?" என்று அவளே கேட்டாள்.

"படத்துல சளியெல்லாம் தெரியாது. ஆயுத பூஜ முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

சரி என்று தலையாட்டினாள். என்னை அப்படி நம்பினாளே என்று நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது. அந்த வருடம் பொம்மைகள் ஒரு விரல்கூட ஒடியாமல் போய்ச் சேர்ந்தன. ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. கார்த்திகையில் இறந்துபோனாள். அவள் வீட்டுக்குப் போய் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

ஆகவே நான் ஒப்புக்கொள்கிறேன். சீட்டைப் படித்தேன். புரிந்துதான் படித்தேன். தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருப்பாள். சீட்டு விஷயம் என் கணவருக்குத் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொளஞ்சியின் மகள் தமிழினியை நான்தான் கூப்பிட்டு அவள் அம்மாவின் இடத்தில் உட்கார வைத்தேன். பத்து மாதமாகிறது. அதே கை. ஒரு வாரமாக இருமுகிறாள். நீங்கள் எல்லாரையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். மற்றவர்களை அனுப்புங்கள். அவளை மட்டும் அலைக்கழிக்க வேண்டாம், பயந்துவிடுவாள். நான் திரும்பி வரும்வரை வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். தாயில்லாத பெண், என்னை விட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்.